குறைத்த எடை மறுபடி ஏறாமல் இருக்க

உங்களுக்கு வயது 41, உயரம் 160 செ.மீ., எடை 82 கிலோ. இதுவரை மூன்று முறை குறைத்திருக்கிறீர்கள். சோற்றையும் மாவையும் விட்டு முட்டை, கறி சாப்பிடும் பேலியோ உணவுமுறையில் 13 கிலோ, பிறகு ஜிம்மில் 6 கிலோ, கடைசியாக ஒரு ஷேக் பவுடரில் 8 கிலோ. மூன்று முறையும் ஒரு வருஷத்துக்குள் பழைய எடை திரும்பிவிட்டது, போன தடவை கொஞ்சம் கூடவே ஏறிவிட்டது. "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா? தைராய்டுதான் காரணமா? இப்போது எல்லோரும் பேசும் ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா? நிலையாகக் குறைய வழியே இல்லையா?" என்று கேட்கிறீர்கள்.

மனக்கட்டுப்பாடு இல்லாதவர் 13 கிலோ குறைத்திருக்கவே முடியாது. அந்தக் கவலையை முதலில் ஓரமாக வையுங்கள். நான் ஊட்டச்சத்து ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்களைப் போலக் குறைக்கத் தெரிந்தவர்கள்தான். குறைந்த பிறகு என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குறைப்பது ஆறேழு மாத வேலை, காப்பது அதற்கப்புறம் வருஷக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. அதனால் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதில் எத்தனை கிலோ போகும் என்று பார்க்காதீர்கள். நாத்தனார் வீட்டுக் கல்யாணம் நடக்கும்போதும், பிள்ளைக்குப் பரீட்சை நடக்கும்போதும், காய்ச்சலில் படுத்து எழுந்த வாரத்திலும் இதைச் செய்துகொண்டிருப்பேனா என்று பாருங்கள். ஆம் என்று சொல்ல முடியாத எதையும் தொடங்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை. கீழே சொல்வதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

ஏன் திரும்புகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது தெரியாததால்தான் பலர் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். போரில் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள, ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. இன்றைக்குக் கையில் கொடுக்கப்படும் பல டயட் சார்ட்டுகள் அதைவிடக் குறைவு. அவர்களுக்கு உடல் எடையில் கால்வாசி போனது. கூடவே சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பும் போனது. சமையல் குறிப்புகளைச் சேகரித்து வைத்து உட்கார்ந்து படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்காமல் சாப்பிட்டார்கள், முன்பிருந்ததைவிட அதிகமாகக் கொழுப்பு சேர்ந்தது.

2011-ல் மெல்போர்னில் பிரியா சுமித்ரன் குழுவினர் 50 பேரை மிகக் குறைந்த கலோரி உணவில் பத்து வாரம் வைத்து எடை குறைக்கச் செய்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடியிருந்தது, போதும் என்று சொல்லும் லெப்டின் முதலான ஹார்மோன்கள் இறங்கியிருந்தன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அவை பழைய நிலைக்கு வரவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துக் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரின் குழு சோதித்து 2016-ல் வெளியிட்டது. பெரும்பாலானோருக்கு எடை திரும்பியிருந்தது, ஆனாலும் சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் செலவழித்த சக்தி அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் செய்தது மிகக் கடுமையான முறை, உங்களுக்கு அந்த அளவு இருக்காது. ஆனால் திசை அதுதான். குறைத்த உடம்பு கூடுதலாகப் பசிக்கும், குறைவாகச் செலவழிக்கும். மூன்று தடவையும் உங்களை எதிர்த்து நின்றது இதுதான்.

"வேகமாகக் குறைத்ததுதான் தப்பு, மெதுவாகக் குறைத்தால் நிற்கும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். அதே மெல்போர்னில் 2014-ல் இதையும் பார்த்தார்கள். 200 பேரில் ஒரு பாதியை 12 வாரத்திலும் மறு பாதியை 36 வாரத்திலும் குறைக்கச் செய்து, பிறகு மூன்று வருஷம் தொடர்ந்தார்கள். இரண்டு கூட்டத்தாருக்கும் குறைந்ததில் சுமார் 71 சதவீதம் திரும்பிவிட்டது. மெதுவாகக் குறைப்பதில் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு குறைவு, தசை அவ்வளவாக உருகாது என்ற நன்மைகள் உண்டு. ஆனால் வேகத்தை மாற்றினால் மட்டும் எடை நிற்காது.

உணவு முறையை மாற்றினாலும் அப்படித்தான். 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேருக்குக் குறைந்த கொழுப்பு, குறைந்த மாவுச்சத்து என இரண்டு விதமாக ஒரு வருஷம் உணவு சொல்லிக்கொடுத்தார்கள். முதல் கூட்டத்தாருக்குச் சராசரியாக 5.3 கிலோ, இரண்டாவதற்கு 6 கிலோ. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. ஆனால் இரண்டு கூட்டத்திலும் 20 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். உங்களுக்குப் பேலியோ வேலை செய்தது, ஏனென்றால் சோறு, இட்லி, பிஸ்கட், மிக்சர், காபிச் சர்க்கரை எல்லாம் ஒரே நாளில் நின்று, முட்டையும் கறியும் கூடின. பிறகு நடந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சோறு திரும்ப வந்தது, ஆனால் வெண்ணெயும் பாதாமும் நெய்யில் வதக்கிய கறியும் போகவில்லை. இரண்டு முறைகளின் உணவும் ஒரே தட்டில் சேர்ந்துவிட்டது. பேலியோவிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் நான் மிக அதிகமாகப் பார்ப்பது இதைத்தான்.

இலக்கைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 32. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று கணக்கு. அதைப் பார்த்துவிட்டு 59 கிலோவுக்கு வர வேண்டும் என்று உட்கார்ந்தால் மனசு விட்டுப்போகும். முதல் இலக்கு 76 கிலோ போதும், அதாவது 7 சதவீதம். இந்த 7 சதவீதம் நானாகச் சொல்வதில்லை. அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்து 2002-ல் முடிவு வந்த ஆய்வில், 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிஷம் உடற்பயிற்சியும்தான் இலக்கு. அதை நோக்கிப் போனவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் பழக்கங்களை மாற்றியவர்களுக்கு நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது, எடையோ பெரிதாக இறங்கவேயில்லை. தராசின் முள் அசையாத மாதங்களிலும் உள்ளே நல்லது நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று என் கைவசம் இல்லை. அதனால் எடையோடு இடுப்பளவையும் எழுதி வாருங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. இந்தியர்களுக்கு அதே எடையிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் இருக்கும், நாடாவில்தான் அது தெரியும்.

இனி சமையலறைக்கு வருவோம். எடை குறைப்பை ஒரு ஆளின் விரதமாக நடத்தினால் அது முடிந்தே தீரும். வீட்டின் வாங்கும் பட்டியலிலும் உலை வைக்கும் அளவிலும் மாற்றினால், தனியாக மனக்கட்டுப்பாடு கேட்காமல் அது பாட்டுக்கு நடக்கும். உங்களுக்குத் தனிச் சமையல் வேண்டாம். ஒரே சமையல், எல்லோருக்கும்.

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள், அங்கேதான் வலிக்காமல் நிறையக் குறையும். நாலு பேர் உள்ள வீட்டில் மாசம் 4 லிட்டர் எண்ணெய் வாங்குவது இன்றைக்குச் சாதாரணம். ஒரு லிட்டர் எண்ணெயில் 8,200 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதை 30 நாளுக்கு வகுத்தால் ஆளுக்கு நாளுக்கு 275 கலோரி, சோற்றில் சேராமல், குழம்பில் கண்ணுக்குத் தெரியாமல். அதைப் பாதியாக்கினால் தட்டில் ஒரு பருக்கைகூடக் குறையாமல் 135 கலோரி குறைகிறது. வழி என்னவென்றால், மாசத்துக்கு 2 லிட்டர் மட்டும் வாங்குங்கள், தீர்ந்தால் அடுத்த மாசம்தான் என்று வையுங்கள். அடுப்புப் பக்கத்தில் பாட்டிலையோ கவிழ்த்து ஊற்றும் தூக்கையோ வைக்காமல், ஒரு சின்னக் கிண்ணத்தில் அன்றைக்கு உரியதை ஊற்றி, ஸ்பூன் போட்டு வையுங்கள். தோசையைச் சுற்றிப் பாட்டிலை வளைத்து ஊற்றும்போது எவ்வளவு விழுகிறது என்று கைக்குத் தெரியாது. ஸ்பூனுக்குத் தெரியும். கடலையெண்ணெயா, செக்கு நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா என்ற விவாதத்துக்கு இந்த இடத்தில் வேலையில்லை, எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரிதான்.

அடுத்து சோறு. ஒரு அம்மா என்னிடம் "ரெண்டே கரண்டிதான் சார் போட்டுக்குவேன்" என்றார். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, வழக்கம்போலப் போட்டு நிறுத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ரெண்டு கரண்டி 380 கிராம் இருந்திருக்கிறது. சுமார் 490 கலோரி. அது சாம்பாருக்கு மட்டும். அதற்கப்புறம் ரசத்துக்கு ஒரு கரண்டி, மோருக்கு ஒரு கரண்டி. அவர் பொய் சொல்லவில்லை, மனசில் எண்ணியது முதல் தடவை போட்டதை மட்டும்தான். நம் சாப்பாட்டின் வரிசையே அப்படி அமைந்திருக்கிறது, ஒவ்வொரு குழம்புக்கும் புதிதாகச் சோறு. அந்த வரிசையை விட வேண்டாம். சோற்றை முதலிலேயே மொத்தமாக ஒரு தடவை போட்டு, 200-250 கிராம், அதையே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மறுசோறு கேட்கிற இடத்தில் மறுபொரியல் கேளுங்கள். அதற்குப் பொரியல் நிறைய இருக்க வேண்டும். நாலு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் வாங்கினால் ஆளுக்கு இரண்டு ஸ்பூன்தான் வரும். கால் கிலோவை முக்கால் கிலோ ஆக்குங்கள். அரிசிப் பாத்திரத்தில் ஒரு பிடி குறைந்து, காய்கறிப் பையில் அரைக் கிலோ கூடினால் அந்த வீட்டில் எடை குறையும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறலாமா, சாமை, தினைக்கு மாறலாமா என்று கேட்பீர்கள். சமைக்காத அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாமே 100 கிராமுக்கு ஏறக்குறைய 330 முதல் 350 கலோரிதான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும், அது நல்லது. ஆனால் உடம்புக்கு நல்லது என்று தைரியமாக இரண்டு பங்கு சாப்பிட்டால் கணக்கு பழையபடிதான். பிடித்தால் மாறுங்கள், பிடிக்காவிட்டால் சோறே இருக்கட்டும். பிடிக்காததை இரண்டு வருஷம் யாரும் சாப்பிடுவதில்லை.

பெண்களிடம் மட்டும் நான் தவறாமல் கேட்கும் ஒன்று உண்டு. வீட்டில் மிச்சத்தை யார் சாப்பிடுகிறார்கள்? பிள்ளை பாதியில் விட்ட தோசை, குக்கர் அடியில் ஒரு கரண்டி சோறு, பாத்திரம் ஒழிக்க வேண்டுமே என்று குடித்த கால் டம்ளர் பாயசம். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை நாம், அந்தக் குணத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவை எந்த டயட் டைரியிலும் ஏறுவதில்லை, நாளுக்கு 150 கலோரியாவது சேர்ந்துவிடுகிறது. உங்கள் வயிற்றைத் தவிர அதற்கு வேறு இடம் கொடுங்கள். மூடி போட்ட ஒரு டப்பா ஃப்ரிட்ஜில் எப்போதும் இருக்கட்டும். மிஞ்சின சோறு தண்ணீர் ஊற்றி மறுநாள் பழைய சோறு ஆகட்டும், ஆனால் அது மறுநாள் சாப்பாட்டுக்குப் பதிலாக, கூடுதலாக இல்லை. தினமும் மிஞ்சுகிறது என்றால் உலையில் போடுவதே அதிகம் என்று அர்த்தம்.

காபி, டீ. பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்தால் ஒரு டம்ளர் 100 கலோரியைத் தாண்டும். மூன்று என்பதை இரண்டாக்குங்கள், சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறையுங்கள், நாக்கு ஒரு மாசத்தில் பழகிவிடும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் வாங்குகிறவர்கள் நீலத்துக்கு வந்தால் பாலின் கொழுப்பு 6 சதவீதத்திலிருந்து 3 ஆகும். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் இந்த விஷயத்தில் சர்க்கரைதான். காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடிப்பதால் எடை குறையாது, ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரி இருக்கிறது.

மேலே சொன்ன எண்ணெய், சோறு, மிச்சம், காபி நாலையும் கூட்டிப் பாருங்கள், 500 கலோரி பக்கம் வரும். உங்கள் உடம்புக்கு மாசம் ஒன்றரை, இரண்டு கிலோ குறைய அது போதும். முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கினால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர், தொடர்ந்து அதே வேகத்தில் போகாது.

எடுக்க வேண்டியதைச் சொன்னேன், சேர்க்க வேண்டியது புரதம். நம் சாப்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள், ஹோட்டல் பதத்தில் வைத்த ஒரு கிண்ணம் சாம்பாரில் 3 கிராம் புரதம் இருந்தால் அதிகம். குறைக்கும் காலத்தில் உங்களுக்கு நாளுக்கு 60-65 கிராம் வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும், தசை போனால் உடம்பு செலவழிக்கும் சக்தி இன்னும் குறையும், சாயங்காலம் நாலு மணிப் பசியும் அடங்காது. காலை இட்லியை நாலிலிருந்து மூன்றாக்கி இரண்டு அவித்த முட்டை சேருங்கள், 12 கிராம் வந்துவிடும். மதியம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ சுண்டலாக, அதில் 10-12 கிராம். மீன் கிடைக்கிற ஊர் என்றால் 100 கிராம் மீனில் 20 கிராம், ஆனால் வறுவலாக வேண்டாம், குழம்பாக. கெட்டித் தயிர் ஒரு கிண்ணம். ராத்திரி வெறும் தோசைக்குப் பதில் பருப்பு தூக்கலாகப் போட்ட அடை, அல்லது பெசரட்டு. சைவம் என்றால் சோயா உருண்டையையும் பனீரையும் வாரத்துக்கு இரண்டு நாள் கொண்டுவாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நொறுக்குத்தீனியில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது: வீட்டுக்குள் வரவிடாதீர்கள். 2019-ல் அதே கெவின் ஹால் 20 பேரை ஒரு மாசம் மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவு கொடுத்தார். சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவில் பரிமாறினார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறினார்கள். பசியின் அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. டப்பாவில் மிக்சர் இருக்கும்போது எடுக்காமல் இருப்பது கஷ்டம். வாரம் ஒரு நாள் கடைக்குப் போய் ஆசைப்பட்டதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மாமியாருக்கு வேண்டும், பிள்ளைகளுக்கு வேண்டும் என்பீர்கள். வறுத்த கடலை, பொரி, பழம் அவர்களுக்கும் நல்லதுதானே.

விசேஷங்களுக்குப் பயப்பட வேண்டாம். கல்யாண இலையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஒரு வேளைச் சாப்பாட்டில் யாரும் குண்டாவதில்லை. தீபாவளி எடையை ஏற்றுவது அன்றைய தினத்தில் இல்லை, அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் தூக்குகளில் இருக்கும் முறுக்கிலும் அதிரசத்திலும்தான். மூன்றாம் நாள் அவை வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும்: அலுவலகத்துக்கு, அக்கம்பக்கத்துக்கு, வீட்டு வேலைக்கு உதவுகிறவருக்கு.

உடற்பயிற்சியில் எதிர்பார்ப்பைச் சரிசெய்ய வேண்டும். உங்கள் எடைக்கு 4 கிலோமீட்டர் நடந்தால் செலவாவது 200 கலோரி அளவில்தான். திரும்பும் வழியில் ஒரு உளுந்து வடையும் சர்க்கரை போட்ட காபியும் அதை நிரப்பிவிடும். ஜிம்மில் உங்களுக்கு 6 கிலோவோடு நின்றது இதனால்தான். ஆனால் குறைந்ததைக் காப்பதில் நடைக்கு ஈடு இல்லை. அமெரிக்காவில் 1994-லிருந்து, குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருஷத்துக்கு மேல் காத்துவருகிறவர்களின் பதிவேடு ஒன்று நடக்கிறது. ஆயிரக்கணக்கானோர் அதில் இருக்கிறார்கள். குறைத்த விதம் ஆளுக்கு ஆள் வேறு. காத்த விதத்தில் ஒற்றுமை தெரிகிறது: பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள், பெரும்பாலும் நடை. முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறார்கள். அதனால் இப்போதே அரை மணி நேரத்தில் தொடங்கி, 76 கிலோ வரும்போது முக்கால் மணிக்குக் குறையாமல் நடக்கும் பழக்கம் வந்திருக்க வேண்டும். காலையில் நேரமில்லை என்றால் மதியமும் இரவும் சாப்பிட்டபின் இருபது இருபது நிமிஷமாகப் பிரியுங்கள், சர்க்கரைக்கும் அது நல்லது. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து தடவை, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவது, இதையே மூன்று சுற்று. முட்டிவலி இருந்தால் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் இதெல்லாம் பாதிதான் பலிக்கும். சீரியல் முடிந்து பத்து மணிக்குச் சாப்பாடு என்பதை எட்டுக்குக் கொண்டுவந்தாலே தூக்கமும் சேர்ந்து சரியாகும்.

இனி முக்கியமான இடம், 76 கிலோ வந்த நாளுக்குப் பிறகு. நீங்கள் மூன்று முறையும் கைவிட்டது இங்கேதான். அந்த இடத்தில் ஆறு மாசம் நில்லுங்கள், மேற்கொண்டு குறைக்க முயல வேண்டாம். வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். உப்பு, மாதவிலக்கு, மலச்சிக்கல் இவற்றால் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ மேலும் கீழும் ஆடும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். 78 தொட்டால் அது எல்லைக் கோடு. அன்றைக்கே செய்ய வேண்டியவை முன்னமே எழுதி ஒட்டப்பட்டிருக்கட்டும்: சோற்றை மறுபடி நிறுத்துப் போடுவது, ராத்திரி அடைக்குப் பதில் சுண்டலும் காயும், நடை கூடுதலாகக் கால் மணி, 76 வரும் வரைக்கும். இரண்டு கிலோவைத் திருப்புவது மூன்று நான்கு வார வேலை. பத்துக் கிலோ ஏறும் வரை தராசுப் பக்கம் போகாமல் இருந்துவிட்டு, அப்புறம் ஒரு புது டயட்டைத் தேடுவதுதான் இதுவரை நடந்தது. ஆறு மாசம் நின்ற பிறகு, மனசும் உடம்பும் ஒத்துழைத்தால் அடுத்த ஐந்து கிலோவுக்குப் போகலாம். போகாமல் 76-லேயே பத்து வருஷம் இருந்தாலும் அதை நான் பெரிய வெற்றியாகத்தான் எழுதுவேன்.

தைராய்டைப் பற்றிக் கேட்டீர்கள். சிகிச்சை எடுக்காத குறைதைராய்டு சில கிலோ ஏற்றும், அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும். மாத்திரை சாப்பிட்டு, தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் 20 கிலோவுக்கு அதைக் காரணம் காட்ட முடியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காபியோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது.

ஊசி. செமாக்ளூடைட், டிர்செபடைட் என்ற இரண்டும் எடை குறைப்புக்கான ஊசியாக 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இவை ஏமாற்று மருந்துகள் இல்லை. 2021-ல் வந்த பெரிய ஆய்வில் செமாக்ளூடைட் போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். பசியைக் கிளப்பும் உடம்பின் அந்தப் பழைய எதிர்ப்பை இவை அடக்குகின்றன. ஆனால் நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆகவே கல்யாணத்துக்கு முன் நாலு மாசம் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் போடுவதில் பயனில்லை. ரத்த அழுத்த மாத்திரை போல வருஷக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும் என்று தெரிந்து, செலவையும் கணக்குப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பி.எம்.ஐ. 30-க்கு மேல் இருப்பதால் நீங்கள் இதைக் கேட்கும் தகுதியில்தான் இருக்கிறீர்கள், கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. நான் சொன்ன மாற்றங்களை ஆறு மாசம் செய்தும் 5 சதவீதம்கூட இறங்கவில்லை என்றாலோ, சர்க்கரையோ கல்லீரல் கொழுப்போ தூக்கத்தில் மூச்சடைப்போ இருந்தாலோ, நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்த்துப் பேசுங்கள். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், கர்ப்பத்துக்கு முயல்கிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்துக் கடையிலோ இணையத்திலோ சீட்டில்லாமல் வாங்கிப் போடவே கூடாது. ஊசி போட்டாலும் புரதமும் தசைப் பயிற்சியும் மேலே சொன்ன அளவில் வேண்டும், ஏனென்றால் பசி இல்லாமல் போகும்போது முதலில் குறைந்துவிடுவது புரதம்தான்.

தொடங்கும் முன் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, கல்லீரல், ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் இவற்றை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், உலையில் அரிசியைக் குறைப்பதற்கு முன்பே அவர்களுடைய டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சோறு குறைந்து மருந்து பழைய அளவிலேயே போனால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும்.